பத்து வண்டிக்கு ஒரு விலை

பத்துப் பேர் சேர்ந்து பத்து மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று எங்கள் கம்பெனியில் முடிவானபோது, பேரம் பேசுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் நான். எனக்குப் பேச வராது என்பதுதான் காரணம்.

புனேயில் ஹடப்சர் பகுதியில் இருந்த ஒரு பிரஸ் கம்பெனி அது. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து மெஷினால் அடித்து, வண்டிகளுக்கு வேண்டிய சின்னச் சின்னப் பட்டைகள் செய்வோம். அதில் ஒரு பட்டை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் போய் உட்காரும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் அதை அடிப்பேன். நான் குடியிருந்தது ஊரின் மறுகோடியில், கட்கியில். காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் தவறினால் இரண்டாவதும் தவறும். அப்புறம் கேட்டில் அரை நாள் சம்பளத்தை வெட்டிவிடுவார்கள். மழைக்காலத்தில் மாதத்துக்கு ஐந்தாறு அரை நாட்கள் அப்படிப் போயின. ஒரு வண்டி இருந்தால் பிழைத்துக்கொள்வேன் என்பது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த சமயம். புனே கம்பெனிகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. தனி ஆளாகப் போய்க் கேட்டால் ஷோரூம்காரர் போர்டில் எழுதிய விலையைக் காட்டுவார். பத்துப் பேராகச் சேர்ந்து கேட்டால் கொஞ்சம் குறைப்பார். இதற்குக் குரூப் என்று பெயர். குரூப்புக்கு ஒரு லீடர் உண்டு. அவர் போய் விலை பேசி முடிப்பார். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டெலிவரி நாளில் போய் வண்டிக்கு மாலை போட்டு எடுத்து வருவார்கள்.

அந்த வருடம் மராட்டிப் புத்தாண்டான பாட்வா அன்று எங்கள் கம்பெனியின் முதல் குரூப் வண்டி எடுத்தது. அதற்கு லீடர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மச்சானுக்கு இந்தி, மராட்டி எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆரணிப் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்போடு வந்து நின்ற எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர். பிறகு தங்கையையும் கொடுத்தார். பாட்வாவுக்கு அவர் வண்டிக்கு ஆயிரம் ரூபாய் குறைத்து வாங்கினார். கம்பெனியில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது. பேக்கிங்கில் வேலை செய்த ஒருவர் எல்லோருக்கும் பேடா கொடுத்துவிட்டு, மச்சானின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். மச்சான் அவர் தலையில் கை வைத்து ஆசி கொடுத்ததை நான் என் மெஷினிலிருந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது.

தசராவுக்கு இரண்டாவது குரூப் சேர்ந்தது. மச்சான் மறுபடியும் லீடராக இருக்கத் தயாராகத்தான் இருந்தார். டீ நேரத்தில் என் பக்கத்து மெஷின்காரர் குறுக்கே புகுந்தார். அவர் சோலாப்பூர்க்காரர், பெரிய வாயாடி.

"சூப்பர்வைசர் சாகேபுக்கு நூறு வேலை. இந்தத் தடவை நம்ம அண்ணா போகட்டும்," என்று என்னைக் காட்டினார். புனேயில் தெற்கிலிருந்து வந்தவர்கள் எல்லோருமே அண்ணாதான்.

மச்சான் சிரித்தார். "இவனா? இவன் கடையில தீப்பெட்டி கேட்கவே பத்து நிமிஷம் யோசிப்பான்."

"அதான் சாகேப் வேணும். பேசறவன் பொய் பேசுவான். இவர்கிட்டப் பேச்சே கிடையாது, பொய் எங்கேர்ந்து வரும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது, அவரவர் மெஷினுக்குப் போய்விட்டார்கள்.

அன்று வேலை முடியும் சமயம் மச்சான் என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். "மாப்ள, பயப்படாத. பாட்வா ரேட்டைக் கேளு. அதுக்கு மேல ஒரு பைசா கேட்காத. குடுக்க மாட்டான், நம்ம மரியாததான் போவும். உனக்குன்னு தனியா ஏதாச்சும் குடுப்பான். வாய மூடிக்கினு வாங்கிக்க."

ஹெல்மெட்டாக இருக்கும் என்று நினைத்தேன். பாட்வாவின்போது அவருக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள்.

எங்களுக்கு வியாழக்கிழமை வார விடுமுறை. அந்த வியாழன் பித்ருபட்சத்துக்குள் வந்தது. இறந்த முன்னோர்களுக்கு மராட்டியர்கள் படையல் வைக்கிற அந்தப் பதினைந்து நாளில் யாரும் புது வண்டி பக்கம் போக மாட்டார்கள். விலை பேசுவதற்கு அதுதான் நல்ல சமயம், முன்பணம் மட்டும் அமாவாசை தாண்டிக் கட்டலாம் என்று சோலாப்பூர்க்காரர் சொல்லியிருந்தார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. கூட்டம் இருக்காது. நான் திணறுவதைப் பார்க்க ஆள் இருக்காது.

ஷோரூம் காலியாக இருந்தது. மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "லீடர் யாரு? லீடர் மட்டும் உள்ள வாங்க," என்றார் இந்தியில். துணைக்கு வந்த சோலாப்பூர்க்காரர் வெளியே நின்ற ஒரு சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மேலாளருக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றியில் குங்குமம், மேஜைமேல் பெரிய கால்குலேட்டர். டீ வரவழைத்தார். "பத்து வண்டி, இல்லையா? பாட்வா ரேட்தான். வண்டிக்கு ஆயிரம் குறைவு. லெக் கார்டும் சேலை கார்டும் சும்மா போட்டுத் தர்றோம். சரியா அண்ணா?"

தலையாட்டினேன். என் பேரம் அவ்வளவில் முடிந்துபோனது. வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த மூன்று இந்தி வாக்கியங்களில் ஒன்றுகூடச் செலவாகவில்லை. இவ்வளவு சுலபமா என்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

"உட்காருங்க. இப்ப உங்க வண்டி," என்று கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார்.

ஆயிரம் குறைத்தபின் வண்டியின் விலை நாற்பத்திரண்டாயிரம். அதில் இருபத்தேழாயிரம் என்று இருந்தது. எண்களை எனக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். இருந்தும் இரண்டு தடவை படித்தேன். அவர் தப்பாகத் தட்டிவிட்டார், சொல்லாமல் போனால் பாவம் என்று நினைத்து, "சாகேப், இது தப்பு," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "போதாதா? அண்ணா, உங்களைப் பார்த்தா சாது மாதிரி இருக்கு, நீங்க கெட்டிக்காரர். சரி, ஒரு ஹெல்மெட். அதுக்கு மேல என்னால முடியாது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது மெதுவாக அவருக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினார். "லீடர் பங்கு அண்ணா. ஒவ்வொரு வண்டியிலேர்ந்தும் ஆயிரத்தைந்நூறு, மொத்தம் பதினஞ்சாயிரம், உங்க வண்டியில கழிஞ்சுடும். பில்லுல ஒண்ணும் தெரியாது. உங்க சூப்பர்வைசருக்கும் பாட்வாவுக்கு இதேதானே பண்ணோம்? அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

அந்த அறை குளிரூட்டப்பட்டது. ஆனால் என் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே சோலாப்பூர்க்காரர் அந்தச் சிவப்பு வண்டியின் ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கை காட்டினார். நானும் கை காட்டினேன். என் கை எப்படி எழுந்தது என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான். பேக்கிங்காரர் குனிந்து மச்சானின் காலைத் தொட்டதும், அவர் தலையில் மச்சானின் கை இருந்ததும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

"யோசிச்சுட்டு வர்றேன்," என்று எப்படியோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"என்ன அண்ணா, குறைச்சானா?"

"முதலாளியைக் கேட்டுட்டுச் சொல்றேன்னான்."

என்னிடம் பொய் எங்கிருந்து வரும் என்று கேட்ட அதே மனிதரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவர் சந்தேகப்படவே இல்லை. திரும்பும் வழியில் எனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்தார்.

கட்கியில் இறங்கியதும் நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, முடிஞ்சுதா?"

"மச்சான், உங்க வண்டி இன்னா விலை?"

துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி துடைத்தது. "சொல்லிட்டானா அந்தாளு? சரி, தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது. உனக்கும்தானே குடுக்கறான்? வாங்கிக்க."

இல்லவே இல்லை, அந்த மேலாளர் புளுகுகிறான் என்று அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் வந்தேன். அவர் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குப் பெரிய அடியாக விழுந்தது.

"அவங்களுக்குத் தெரியாதே மச்சான்."

"எதுக்குத் தெரியணும்? நாலு வியாழக்கெழம லீவ அழிச்சு அலைஞ்சேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல வெயில்ல நின்னேன். ஒருத்தனாச்சும் ஒரு டீ வாங்கிக் குடுத்தானா? நான் போவலன்னா அவனுங்க போர்டு விலைக்குத்தான் வாங்கியிருப்பானுங்க. அவங்களுக்கு ஆயிரம் மிச்சம், எனக்கும் கொஞ்சம் மிச்சம். யார் வயித்துல அடிச்சேன் சொல்லு?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனாலும் கேட்டேன், "அந்தப் பங்கைப் பத்துப் பேருக்கும் பிரிச்சுக் குடுன்னு கேட்டா?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "கேட்டுப் பாரு. நீ ரெண்டாயிரத்தைந்நூறு கொறச்சு வாங்கினா, ஆயிரம் கொறச்ச நான் யாரு? பாட்வாவுக்கு வண்டி எடுத்த ஒம்போது பேரு மூஞ்சியிலதான் நான் தெனம் முழிக்கணும். அவங்களைத்தான் வேலை வாங்கணும்." துணியை உதறிக் கைப்பிடியில் போட்டார். "உன் வூட்டுக்குப் பாட்வாவுக்கு நான் வாங்கிக் குடுத்தேனே கேஸ் அடுப்பு, அது இன்னாத்துல வந்துச்சுன்னு நெனச்ச? என் சம்பளத்துலயா?"

ஆறு மாதமாக அந்த அடுப்பில் கொதித்த டீயைத்தான் குடித்துவிட்டு விடிகாலையில் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி அதே அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "உங்கண்ணன் லீடர் பங்கு வாங்கினது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அடுப்பு எப்படி வந்துச்சுன்னு நீங்க கேட்டீங்களா? நல்லாருக்குன்னு சொல்லிட்டு டீயக் குடிச்சீங்க." தோசையைத் திருப்பினாள். "நீங்க எதைத்தான் கேட்டிருக்கீங்க?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தட்டை வைத்தாள். வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, இறங்கிய குரலில் சொன்னாள்: "பங்கு வாங்கினாலும் வாங்குங்க, வாங்காட்டியும் போங்க. எங்கண்ணன மட்டும் நாலு பேரு முன்னால தலை குனிய வெச்சுடாதீங்க. அம்மா போனப்புறம் என்னை வளர்த்தது அவரு."

அவள் கேட்டது அது ஒன்றுதான். நல்ல விலை வாங்கினால் அந்த ஒன்றைத்தான் என்னால் காப்பாற்ற முடியாது.

பதினைந்தாயிரம் என்பது எனக்கு ஐந்து மாதச் சம்பளம். நான் யோக்கியன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்கை வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். மச்சான் மானமும் தப்பும், எனக்கும் மிச்சம், மற்றவர்களுக்கும் ஆயிரம் குறையும், யாருக்கும் தெரியப்போவதில்லை. திங்களன்று மச்சானின் மேஜைக்குப் போய், "நீங்க சொன்னபடியே செய்றேன் மச்சான்," என்று சொல்லவும் செய்தேன். அவர் என் தோளைத் தட்டினார்.

அமாவாசை முடிந்த மறுவாரம் புதன்கிழமை டீ நேரத்தில் முன்பணம் வசூலானது. ஒவ்வொருவரும் வந்து என் கையில் ஆயிரம் ரூபாயை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவராவது சீட்டு கேட்பார், பெயரை எழுதிக்கொள் என்பார் என்று நான் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஒருவர் மெஷினை விட்டு வர முடியாமல் இன்னொருவரிடம் கொடுத்தனுப்பினார், "அண்ணாகிட்டதானே" என்று. ஒன்பது பேரின் பணம் என் சட்டைப் பைக்குள் போயிற்று. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். என்மேல் இவர்கள் இப்படி ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இதே போலத்தான் மச்சான் கையிலும் வைத்திருப்பார்கள்.

மறுநாள் பத்துப் பேரும் ஷோரூமுக்குப் போனோம். இப்போது அங்கே தசராக் கூட்டம். வாசலில் சாமந்தித் தோரணம் கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் வண்டிகளுக்குக் கலர் தேர்ந்தெடுக்கப் போனார்கள். நான் கண்ணாடி அறைக்குள் போனேன்.

"வாங்க லீடர் சாகேப்," என்றார் மேலாளர். "இருபத்தேழு, ஹெல்மெட்டோட. எழுதிடலாமா?"

"அந்தப் பங்கைப் பத்தாப் பிரிச்சுடுங்க."

"எதை?"

"என் பங்கை. பத்து வண்டிக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அண்ணா, உடம்பு சரியில்லையா? ஆறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இப்படி யாரும் கேட்டதில்ல."

"பிரிச்சுடுங்க."

"முடியாது. ஒரு ஆளுக்குக் கொடுத்தா அது அந்த ஆளோட நிக்கும். பத்துப் பேருக்குக் கொடுத்தா நாளைக்கு ஹடப்சரே வந்து இதே விலையைக் கேட்கும். முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். வேணும்னா உங்களுக்கு இன்னும் ரெண்டாயிரம் குறைக்கிறேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எழுந்து நின்றேன். அப்போது நான் வீட்டில் மனப்பாடம் செய்த மூன்று வாக்கியங்களில் கடைசி வாக்கியம் தானாக வெளியே வந்துவிட்டது. "அப்ப நாங்க வேற ஷோரூமுக்குப் போறோம்."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வாழ்க்கையில் ஒருவரை நான் மிரட்டியது அது ஒரு தடவைதான். மேலாளர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். ஒன்பது பேரும் ஆளுக்கொரு வண்டியில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

"உட்காருங்க," என்றார். "எப்படிக் கிடைச்சுதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. தசரா ஸ்கீம்னு சொல்லுங்க."

வெளியே வந்து வண்டிக்கு இரண்டாயிரத்தைந்நூறு குறைவு என்று சொன்னபோது அவர்கள் முதலில் நம்பவில்லை. பிறகு சோலாப்பூர்க்காரர் என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். "பார்த்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா? ஊமைக்கோட்டான் வேட்டையாடிட்டு வந்திருக்கு!"

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் மட்டும் யோசனையாக நின்றார். பாட்வாவுக்கு வண்டி எடுத்த பேக்கிங்காரரின் தம்பி அவர். "எங்கண்ணனுக்கு ஆயிரம்தானே குறைச்சாங்க?" என்றார். "சூப்பர்வைசர் சாகேப் அவ்வளவு பேசியும் ஆயிரம்தானா?"

சத்தம் அடங்கியது. என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள். அறை வாசலில் நின்ற மேலாளர், "தசரா ஸ்கீம், தசரா ஸ்கீம்," என்றார் அவசரமாக. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. வீட்டில் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அவள் சொன்னதும் நினைவில் இருந்தது. ஆட்டத்தான் நினைத்தேன்.

"லீடருக்குன்னு தனியாக் குடுப்பாங்க," என்றேன். "எனக்கும் குடுத்தாங்க. அதைத்தான் பிரிச்சுட்டோம்."

ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. மச்சானின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சோலாப்பூர்க்காரர் ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தவர், அப்படியே மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெரிய சண்டை நடக்கும் என்று உதறலோடு கம்பெனிக்குப் போனேன். மச்சான் வரவில்லை. பாட்வா குரூப்பின் ஒன்பது பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அவர்கள் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஓவர்டைம் எழுதுகிற சூப்பர்வைசரை யார் பகைத்துக்கொள்வார்கள்? அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்னிடம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பேக்கிங்காரர் மட்டும் என் மெஷின் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "அண்ணா, நீ சொல்லாம இருந்திருக்கலாம். என் வண்டி இவ்வளவு நாள் நல்லா ஓடிக்கிட்டிருந்தது."

நான் திகைத்துப்போய் மெஷினை நிறுத்திவிட்டேன்.

வீட்டில் மனைவி என்னிடம் பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான். சனிக்கிழமையும் மச்சான் வேலைக்கு வரவில்லை. ஞாயிறு, திங்களும் வரவில்லை. வேலையை விட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு. என்னை வேலையை விட்டுத் தூக்க ஏற்பாடு செய்கிறார் என்று இன்னொரு பேச்சு. இரண்டாவதை நான் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் அவர் வந்தார். எப்போதும் போல இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்த முகம். கையில் ஒரு பை. டீக் கெட்டிலைச் சுற்றி நாங்கள் ஐம்பது பேராவது நின்றிருப்போம். அவர் நேராகப் பாட்வா குரூப் ஆட்களில் ஒருவரிடம் போனார். பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். அடுத்தவருக்கு ஒன்று, அதற்கடுத்தவருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஆயிரத்தைந்நூறு ரூபாய். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "எண்ணிக்க," என்று மட்டும் மராட்டியில் ஒவ்வொருவரிடமும் சொன்னார். பேக்கிங்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாம் சாகேப்," என்றார். மச்சான் கவரை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டுத் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்து ரிஜிஸ்டரைத் திறந்தார்.

யாரும் டீ குடிக்கவில்லை. சங்கு ஊதும்வரை அத்தனை பேரும் அப்படியே நின்றோம்.

அன்று மாலை என் மனைவி ஐந்து நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "வண்டிய வித்துட்டாரு," என்றாள். "கடைத்தெருவுல ஒரு புரோக்கர்கிட்ட. வண்டிக்கு வாங்கின சங்கத்துக் கடன அடைச்சுட்டு மிச்சத்த ஒம்போது கவர்ல போட்டாரு. நான்தான் உக்காந்து எண்ணிக் குடுத்தேன்." அவளுக்கு அழுகை வந்தது. "தலை குனிய வெச்சுடாதீங்கன்னு சொன்னேனே."

"அவர் குனியலையே," என்றேன்.

தசரா அன்று பத்து வண்டியும் மாலையோடு வெளியே வந்தன. சோலாப்பூர்க்காரர் தன் வண்டியின் ஹாரனை விட்டு விரலை எடுக்கவே இல்லை. என் மனைவி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சானுக்கு ஒன்பது மணி ஷிஃப்ட் என்பதால் காலையில் நாங்கள் பார்த்துக்கொள்வதில்லை. உள்ளே அவர் எனக்கு வேலை சொல்லுவார், நான் செய்வேன். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. தசரா கழிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், எனக்கு ஓவர்டைம் விழுந்தது. வெளியே வரும்போது சூரியன் இறங்கிவிட்டது. கேட்டைத் தாண்டிய பஸ் ஸ்டாப்பில் கூட்டத்தோடு கூட்டமாக மச்சான் நின்றிருந்தார், கையில் டிபன் பையோடு. நான் கவனிக்காதது போலப் போயிருக்கலாம். வண்டி அவர் முன்னால் போய் நின்றுவிட்டது.

"ஏறுங்க மச்சான். வீட்டுக்குத்தானே?"

அவர் என்னைப் பார்க்காமல் பஸ் வரும் திசையைப் பார்த்தார். "நான் சொன்னப்ப நீ கேட்டியா? இப்ப நீ சொன்னா நான் கேட்கணுமா?"

வரிசையில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளம்பவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் முண்டியடித்து ஏறி, ஜன்னல் ஓரமாக ஒரு இடத்தைப் பிடித்தார். பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் வழியாக அவர் தலை வெளியே வந்தது.

"டேய் மாப்ள!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "ஹெட்லைட்டப் போட்றா! இருட்டிப்போச்சு, எவனாச்சும் இடிச்சிடப் போறான்!"

பஸ் திரும்பி மறைந்துவிட்டது. எந்தச் சுவிட்ச் என்று தேடிக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.